சேற்றிலிருந்து வரும் இரண்டு காய்ச்சல்கள்

மாரி விதைப்பு முடிந்து மழை விடாது பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், படுவான்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவதொரு வீட்டுத் திண்ணையில் ஒருவர் போர்த்துக்கொண்டு படுத்திருப்பதைக் காண்போம். விசாரித்தால், "சும்மா காய்ச்சல்தான் பாதர், மழையில நனைஞ்சது" என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். நாலு நாளில் அவர் எழும்பி வட்டைக்குப் போய்விடுவார். ஆனால் ஒரு சிலர் எழும்புவதில்லை. அந்த ஒரு சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போகத் தொடக்கத்தில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரோடு சேர்ந்து நாம் ஒரு கிராமத்தில் எலிக்காய்ச்சல் பற்றிக் கூட்டம் வைத்தோம். கமக்காரர் பலர் வந்திருந்தனர். தடுப்புக் குளிசை பற்றி விளக்கப்பட்டது. ஆர்வத்தில் நாம் எழுந்து, "கிழமைக்கு ஒருமுறை இதைப் போட்டால் சேற்றைப் பற்றிப் பயமில்லை" என்று சொல்லி வைத்தோம். முன்வரிசையில் இருந்த ஒருவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது கடந்தவர். சீனி வருத்தம் உள்ளவர். அதற்கான மருந்தை நினைத்தால் எடுப்பார், நினைக்காவிட்டால் விட்டுவிடுவார். ஆனால் இந்தக் குளிசையை மட்டும் ஒரு கிழமை தவறாமல் போட்டார்.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கடையில் மருந்து வாங்கிக் குடித்தார். டெங்கு என்று பயந்து இரத்தம் சோதித்தார்கள்; இல்லை என்று வந்தது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள், குறையவில்லை. இருமலும் மெலிவும் தொடங்கியபோது கசரோகமோ என்று சளி சோதித்தார்கள், அதுவும் இல்லை. மூன்றாவது கிழமை பெரிய வைத்தியசாலை ஒன்றில் வயிற்றை ஸ்கேன் செய்தபோது ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தன. குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் நோயின் பெயர் தெரிந்தது: மெலியோய்டோசிஸ்.

நாம் பார்க்கப் போனபோது, எலும்பும் தோலுமாகக் கிடந்த அவர் கேட்டது இதுதான்: "குளிசை எல்லாம் ஒழுங்காப் போட்டுத்தானே பாதர் வயலுக்கு இறங்கினன்?"

எம்மிடம் அப்போது பதில் இல்லை. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

எலி தரும் நோய்

ஒரே சேற்றிலிருந்து இரண்டு வெவ்வேறு கிருமிகள் எம்மைத் தாக்கக்கூடும். அவற்றில் எமக்கு ஓரளவு பழக்கமானது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும், சுருள்கம்பி போன்ற கிருமி இதற்குக் காரணம். 1886இல் ஜெர்மனியில் அடொல்ஃப் வைல் என்ற வைத்தியர், காய்ச்சலும் செங்கண்மாரியும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் நோயாக இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர். 1915இல் இனாடா என்பவரும் அவரது குழுவினரும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய காய்ச்சலை ஆராய்ந்தபோது அதைக் கண்டனர். சுரங்கத்திலும் ஈரம், எலி, வெறுங்கால். வயலிலும் அவையே.

இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. எலியின் சலத்தோடு அது வயல் தண்ணீரில் கலக்கிறது. எலி மட்டுமல்ல, மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் இதைச் சுமக்கக்கூடும். பட்டி மாடுகள் இறங்கும் குட்டையும், எருமை புரளும் மடுவும் ஆபத்தானவை என்பதை எம் மக்கள் நினைப்பதில்லை. வெயிலில் காய்ந்தால் இது சாகும்; உப்பும் இதற்கு ஒத்துவராது. நல்ல தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் கிழமைக் கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே உவர் கலந்த வாவியில் வலை வீசுபவரை விட, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் வரம்பு கட்டுபவரே இதற்கு அதிகம் அஞ்ச வேண்டியவர். காலில் உள்ள கீறல், சேற்றுப்புண், நாள் முழுவதும் தண்ணீரில் ஊறி வெளுத்த தோல், கண், வாய் ஆகியன அது நுழையும் வாசல்கள். நுழைந்து பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கும். ஒரு மாதம் செல்வதும் உண்டு.

இது சிங்களப் பகுதிகளின் நோய், ஈரவலய நோய் என்று எம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. இரத்தினபுரி, களுத்துறை போன்ற மாவட்டங்களில் இது அதிகம் என்பது மெய்யே. 2008இல் நாடு முழுவதும் 7000 பேருக்கு மேல் நோயாளராக அறிவிக்கப்பட்டு 200 பேர் வரையில் இறந்தபோதும் பாதிப்பின் பெரும்பகுதி தெற்கிலும் மத்தியிலும்தான். ஆனால் 2011இன் பெருவெள்ளத்துக்குப் பின் வறண்ட அநுராதபுர மாவட்டத்தில் இது பரவியது. 2024 டிசம்பரில், பெருமழையின் பின், யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இனந்தெரியாத காய்ச்சல் என்று செய்தி பரவியது. சோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வெள்ளம் வந்தால் எலியின் வளைக்குள்ளும் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீர் எம் வளவுக்குள்ளும் வரும். அதற்கு ஈரவலயம், வறள்வலயம் என்ற எல்லை கிடையாது.

உடலுக்குள் நடப்பது

இக்கிருமி தோலைத் தாண்டியதும் குருதியில் கலந்து, தலை முதல் கால் வரை எல்லா உறுப்புக்கும் போகிறது. திடீர்க் காய்ச்சல், கடும் தலையிடி, கண் சிவத்தல், கெண்டைக்காலை அமர்த்தினால் கத்தும்படியான நோ ஆகியன முதல் அடையாளங்கள். பெரும்பாலானோருக்கு இதோடு முடிந்துவிடும். அவர்கள்தான் "சும்மா காய்ச்சல்" என்று எழும்பிப் போகிறவர்கள்.

மற்றவர்களுக்குப் பாதிப்பு முதலில் சிறுநீரகத்தில் தெரியும். எமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு குழாய் புறப்படுகிறது. எலியின் உடலில் கிருமி எந்தக் குழாய்களில் அமைதியாக இருக்கிறதோ, மனிதரிலும் அதே குழாய்களைத்தான் தேடிப் போகிறது. ஆனால் எம் உடல் அதை விருந்தாளியாக ஏற்பதில்லை, குழாய்கள் வீங்குகின்றன. சலம் குறைகிறது, அல்லது நிறம் கடுக்கிறது. குருதியில் கழிவு தேங்குகிறது. இங்கே ஓர் ஆறுதல் உண்டு: உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தால், சில நாட்கள் இயந்திரத்தால் குருதி சுத்திகரிக்க நேர்ந்தாலும், பெரும்பாலும் சிறுநீரகம் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஈரல் தாக்கப்படும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகும். இந்த இடத்தில்தான் எம் கிராமங்களில் ஒரு தவறு நடக்கிறது. கண் மஞ்சளானால் செங்கண்மாரி. செங்கண்மாரிக்கு வைத்தியசாலை சரிவராது, கீழ்க்காய்நெல்லியும் பத்தியமும்தான் மருந்து என்பது எம் மக்களின் உறுதியான நம்பிக்கை. பரிகாரிமாரை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களிடம் போய்ச் சுகமானவர்களை நாமும் அறிவோம். ஆனால் வயலுக்குப் போனவருக்குக் காய்ச்சலோடு வரும் மஞ்சள் அந்தச் செங்கண்மாரி அல்ல. அது கிருமி ஈரலைத் தொட்டுவிட்டது என்பதற்கான அறிவிப்பு. அதற்குள் சிறுநீரகமும் இதயமும் தாக்கப்பட்டிருக்கலாம். பத்தியத்தில் கழியும் மூன்று நாட்கள் அவரது உயிரின் விலையாகிவிடும்.

இதயத் தசை வீங்கினால் துடிப்பு தாறுமாறாகும், இரத்த அழுத்தம் விழும். மூளையைச் சுற்றிய சவ்வு தாக்கப்பட்டால் கழுத்து விறைக்கும். எல்லாவற்றிலும் கொடியது சுவாசப்பைக்குள் இரத்தம் கசிவது. இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல் என்று தொடங்கிச் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

மருந்து அரிதானதல்ல. பெனிசிலின், டொக்சிசைக்கிளின், செப்ட்ரியாக்சோன் ஆகிய எவரும் அறிந்த மருந்துகளே இதற்குப் போதும், நேரத்தோடு கொடுத்தால். நோயை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ பெரும்பாலும் முதல் கிழமை கழிந்த பின்பே சரியாகக் காட்டும். அதுவரை வைத்தியர் காத்திருக்க முடியாது. சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்க வேண்டும். அவருக்குச் சந்தேகம் வர வேண்டுமானால், நோயாளி வயலுக்குப் போனதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தடுப்புக் குளிசை டொக்சிசைக்கிளின்தான். 100 மில்லிகிராம் குளிசை இரண்டை, கிழமைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடனே படுக்கக் கூடாது, தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். வயலுக்கு இறங்குவதற்கு முந்திய கிழமையே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது ஆகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இலவசமாகப் பெறலாம்.

மண்ணிலேயே வாழும் நோய்

இனி, அந்த மனிதரைப் பிடித்த மற்றைய நோய். இதை எலி தருவதில்லை. இதன் கிருமி எந்த விலங்கையும் நம்பியிராமல் மண்ணிலேயே வாழ்கிறது. வெயில் காலத்தில் மண்ணின் ஆழத்திலிருந்து, மழை பெய்ததும் மேலே வரும் தண்ணீரோடு எம் காலடிக்கு வருகிறது. வடகிழக்குத் தாய்லாந்தின் நெல்வயல்களிலும் வட அவுஸ்திரேலியாவிலும் மழைக்காலம் தொடங்கியதும் இந்நோயாளர் தொகை கூடுவது வழக்கம்.

இந்நோய் முதலில் அறியப்பட்டது 1911இல், ரங்கூனில். பிரேதப் பரிசோதனை செய்த அல்ஃபிரட் விற்மோர் என்ற வைத்தியரும் அவரது உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும், ஏழைகளும் மோர்பின் அடிமைகளுமான சிலரது சுவாசப்பையிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டு, அவற்றிலிருந்து புதிய கிருமியொன்றைப் பிரித்தெடுத்தனர். இலங்கையில் கண்ட நோயாளி பற்றிய முதல் அறிக்கை 1927இல் வெளிவந்தது. அவர் ஓர் ஐரோப்பியர். அதன்பின் நெடுங்காலம் ஒருவர் இருவரைத் தவிரப் பேச்சில்லை. 2006ஆம் ஆண்டுக்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வாளர்கள் வைத்தியசாலை ஆய்வுகூடங்களோடு சேர்ந்து தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பாகங்களிலும் நோயாளர் வெளிப்பட்டனர், எமது கிழக்கிலும்தான். அப்படியானால் இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் இல்லாமலா இருந்தது? கசரோகம் என்றும் நிமோனியா என்றும் பெயர் தெரியாத காய்ச்சல் என்றும் எத்தனை பேரைப் புதைத்திருப்போமோ. ஆய்வுகூடத்தில் கிருமி வளர்ந்தாலும், வெளியிலிருந்து கலந்த வேறேதோ கிருமி என்று கழித்துவிடுவதும் உண்டாம்.

உடலில் இது செய்யும் வேலை எலிக்காய்ச்சலினது போன்றதல்ல. நுழைந்த இடத்தில் ஆறாத புண்ணாக நிற்கலாம். நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சுவாசப்பையில் நிமோனியாவாக வருகிறது. ஈரல், மண்ணீரல், ஆண்களின் சுக்கிலச் சுரப்பி, மூட்டு, எலும்பு, சில வேளை மூளை என்று போகும் இடமெல்லாம் சீழ்க்கட்டி வைக்கிறது. வேகமாக வந்து இரண்டு நாளில் குருதியை நஞ்சாக்குவதும் உண்டு. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உருக்கிக் கசரோகம்போல் நடிப்பதும் உண்டு. உடலுக்குள் உறங்கியிருந்து ஆண்டுகள் கழித்து எழும்புவதும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஓர் அமெரிக்கரிடம் 62 ஆண்டுகளின் பின் இது வெளிப்பட்டதாக மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இந்நோயால் இறப்பவர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில். தாய்லாந்தில் நாற்பது வரை சென்றதுண்டு. கிருமி ஒன்றுதான். எவ்வளவு விரைவில் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்த பின் எத்தகைய பராமரிப்புக் கிடைத்தது என்பதே வேறுபாடு.

இந்நோயில் நாம் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. நல்ல உடல்நலம் உள்ளவர் அதே சேற்றில் ஆயுள் முழுவதும் நின்றாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். குருதியில் சீனி கூடிக் கிடந்தால், கிருமியை விழுங்கி அழிக்கும் வெண்குழியங்கள் மந்தமாகின்றன. இக்கிருமியோ அக்குழியங்களுக்குள்ளேயே ஒளிந்து பெருகத் தெரிந்தது. போதாததற்கு, நீண்டகாலச் சீனியால் கால் மரத்துப்போனவருக்குப் புண் இருப்பதே தெரியாது. நாட்பட்ட சிறுநீரக நோய், தலசீமியா உள்ளவர்களும் அதிகம் குடிப்பவர்களும் அடுத்தபடி ஆபத்தில் இருக்கிறார்கள். வயல் வேலை முடிந்ததும் அலுப்புத் தீரக் கசிப்புக் குடிக்கும் எம் தொழிலாளர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நீரிழிவை எம் மக்கள் இன்னமும் பட்டணத்து வருத்தம், இருந்து சாப்பிடுபவரின் வருத்தம் என்றே எண்ணுகின்றனர். "நாம வெயிலில வேலை செய்யிற ஆக்கள், எமக்கெங்க சீனி?" என்பார்கள். மூன்று வேளையும் சோறு, ஒரு நாளைக்கு ஐந்தாறு சீனித் தேநீர். உழவுக்கு இயந்திரம், வெட்டுக்கும் இயந்திரம். முந்தைய தலைமுறையின் உடலுழைப்பு இப்போது இல்லை.

அந்த மனிதரின் கேள்விக்கான பதிலும் இதுவே. கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசை எலிக்காய்ச்சலைத் தடுக்க உதவும், மெலியோய்டோசிஸைத் தடுக்காது. அதற்குத் தடுப்புக் குளிசையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. எலிக்காய்ச்சலுக்கு இடும் பெனிசிலின் இதனிடம் பலிக்காது. செப்ட்ரியாக்சோனையும் நம்ப முடியாது. செப்டாசிடைம், மெரோபெனம் போன்ற வேறு மருந்துகளைக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் நரம்பில் ஏற்றி, அதன்பின் மூன்று மாதமோ அதற்கு மேலோ கோ-ட்ரைமொக்சசோல் குளிசை எடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நீண்ட றப்பர் சப்பாத்துப் போடுங்கள் என்று கூட்டத்தில் சொல்வது சுலபம். முழங்கால் சேற்றில் அது கழன்று புதைந்துவிடும் என்று கமக்காரர் எமக்குச் சொன்னார்கள். நாமே போட்டுப் பார்த்தும் அறிந்தோம். ஆனால் வரம்பு செதுக்குவதற்கும் வாய்க்கால் துப்புரவுக்கும் மருந்து தெளிப்பதற்கும் அது சரிவரும். காலில் புண் இருந்தால் தண்ணீர் புகாதபடி கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மாலையில் கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் கழுவினால் போதாது. நல்ல தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவித் துடைக்க வேண்டும். வெள்ளம் மூடிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் கிருமி குடிதண்ணீராலும் வரக்கூடும். காலில் ஆறாத புண்ணும் கட்டுப்படாத சீனியும் உள்ளவர் பெருமழை நாட்களில் சேற்றில் இறங்காதிருப்பதே நல்லது. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு வேண்டும் என்பது எமக்குத் தெரியும். சில ஊர்களில் கமக்காரர் அமைப்பே மாற்றாள் ஒழுங்குசெய்து, வெட்டுக்குப்பின் நெல்லாகக் கணக்குத் தீர்க்கிறது.

காய்ச்சல் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டாம். பனடோல் தவிர வேறு நோக் குளிசை எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். டெங்குவாக இருந்தால் அது இரத்தப்போக்கைக் கூட்டும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்டிபயோட்டிக்கும் அப்படியே. முதலே அரைகுறையாகக் குடித்துவிட்டுப் போனால், குருதி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். டெங்கு இல்லை என்ற முடிவோடு வீட்டுக்குத் திரும்பவும் வேண்டாம். அது டெங்கு இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

வைத்தியர் முன் எம் மக்கள் வாய் திறப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வெளிநோயாளர் வரிசையில் வைத்தியருக்கும் நேரம் இல்லை. ஆகவே எமது நிலையத்தில் ஒரு சிறு துண்டு அச்சிட்டு, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளும்படி கொடுத்து வருகிறோம். கடைசியாகச் சேற்றில் இறங்கிய நாள், சீனி உண்டா இல்லையா, இதுவரை குடித்த மருந்து: இம்மூன்றையும் அதில் எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். "இதைப் பார்த்துத்தான் ஐயா கேள்விமேல் கேள்வி கேட்டார்" என்று ஒரு தாய் வந்து சொன்னார்.

அந்த மனிதர் பிழைத்தார். ஒரு மாதக் குளிசையோடு தேறியதும், "இனி என்னத்துக்கு?" என்று நிறுத்தப் பார்த்தார். இடையில் நிறுத்தினால் இந்நோய் திரும்பி வரும். அவரது மனைவி தினமும் குளிசையை எண்ணிக் கையில் வைத்து, விழுங்கும் வரை நின்று பார்த்ததால் முடித்தார். இப்போது வட்டைக்குப் போகிறார். ஆனால் வரம்போடு நின்றுவிடுகிறார். சேற்றில் இறங்குவது மூத்த மகன். மகனுக்குச் சீனி பார்த்தாயிற்றா என்று போன கிழமை கேட்டோம். இன்னும் இல்லையாம். வருகிற புதன்கிழமை கிளினிக் நாள். கூட்டிப்போவதாகத் தாய் சொல்லியிருக்கிறார்.